சாக்ஸ், புல்லாங்குழல், ட்ரம்பெட்டுக்கு லைவ் எஃபெக்ட்ஸ்: மைக்ல இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் முழு வழிகாட்டி

ஒரு கிட்டார் பெடலை (காலால அமுக்குற, சத்தத்தை மாத்துற சின்ன எஃபெக்ட் பெட்டி) வாங்கி சாக்ஸ் மைக்கோட எப்படியாவது இணைச்சுட்டா போதும்னு நினைச்சுத்தான் நிறைய பேர் இதுல இறங்குறாங்க. சத்தம் வரும், ஆனா சன்னமா இரைச்சலோட வரும், வால்யூமை கொஞ்சம் ஏத்தினதும் ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பிக்கும், உடனே இதெல்லாம் ஊதுற வாத்தியத்துக்கு செட் ஆகாதுன்னு பெடலை தூக்கி மூலையில போட்டுடுவாங்க. செட் ஆகும், அருமையா செட் ஆகும். ஆனா கிட்டார்காரங்க போற வழியில போனா ஆகாது. ஊதுறவங்களுக்குன்னு தனியா சில விஷயங்கள் இருக்கு, அதை வரிசையா காரணத்தோட சொல்றேன். சாக்ஸ், கிளாரினெட், புல்லாங்குழல், ட்ரம்பெட், ட்ராம்போன் எது வாசிச்சாலும் பொருந்தும்.

பெடல் வாங்குறதுக்கு முன்னாடி புரிஞ்சுக்க வேண்டியது

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் இல்லாம மீட்டினா பக்கத்து ரூமுக்கே கேக்காது. அதனால எஃபெக்ட் வழியா என்ன வருதோ அதுதான் மொத்த சத்தமும். நம்ம வாத்தியம் அப்படி இல்ல, அதுவே ரூம் முழுக்க கேக்கும். பெடல்ல மிக்ஸ் நாபை (ஒரிஜினல் எவ்வளவு, எஃபெக்ட் எவ்வளவுன்னு கலக்குற திருகு) முழுசா எஃபெக்ட் பக்கம் திருப்பி வச்சாலும் வாத்தியத்தோட சொந்தக் குரல் காத்து வழியா நேரா ஆடியன்ஸ் காதுக்குப் போயிட்டே இருக்கும், அதை எந்த பெடலாலயும் நிறுத்த முடியாது. இந்தக் கட்டுரையில சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

எஃபெக்ட்ஸை ரெண்டு வகையா பிரிச்சுப் பாருங்க. டிலே (எதிரொலி), ரிவர்ப் (பெரிய ஹால்ல கேக்குற முழக்கம்), ஆக்டேவர் (ஒரு ஸ்தாயி தள்ளி அதே சுரம்), ஹார்மனைசர் (துணை சுரம்), லூப்பர் (வாசிச்சதைப் பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டுறது) இதெல்லாம் இருக்கிற சத்தத்துக்கு மேல புதுசா ஒண்ணைச் சேர்க்குற வகை. ஃபேஸர் (சத்தத்தைச் சுழல்ற மாதிரி ஆக்குறது), ட்ரெமலோ (வால்யூமை விட்டு விட்டு இறக்குறது), ஃபில்டர் (சில அலைவரிசைகளை வடிகட்டுறது), வா பெடல் (காலால நகர்த்துற ஃபில்டர்) இதெல்லாம் இருக்கிற சத்தத்துல இருந்து எதையோ எடுக்குற வகை. சின்ன ரூம்ல முதல் வகை சூப்பரா வேலை செய்யும். ரெண்டாவது வகை பல்லில்லாம போயிடும், ஏன்னா ட்ரெமலோ சத்தத்தை வெட்டி எடுக்குற அந்த இடைவெளியை வாத்தியத்தோட நேரடி சத்தம் வந்து நிரப்பிடும். பெரிய ஹால்ல, ஸ்பீக்கர் சத்தம் வாத்தியத்தை விட ரொம்ப மேல இருக்கிற இடத்துல, ரெண்டு வகையும் நல்லா கேக்கும். அதனால எந்த பெடல் வாங்கலாம்னு கேக்குறதுக்கு முன்னாடி நான் எந்த மாதிரி இடத்துல வாசிக்கப் போறேன்னு யோசிங்க. சின்ன இடம்னா டிலேல ஆரம்பிங்க, ஃபேஸர் அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, வீட்ல ஹெட்போன் போட்டு மிக்ஸை செட் பண்ணாதீங்க. ஹெட்போன்ல எஃபெக்ட் பிரமாண்டமா கேக்கும், அதே செட்டிங்கை ஸ்டேஜுக்குக் கொண்டு போனா நேரடி சத்தம் கூட சேர்ந்து எஃபெக்ட் பாதியா தெரியும். ஸ்பீக்கர்ல போட்டு, போன்ல ரெக்கார்ட் பண்ணி, அந்த போனை ஆடியன்ஸ் உக்கார்ற தூரத்துல வச்சு கேட்டாத்தான் உண்மை தெரியும்.

படி 1: சத்தத்தைப் பிடிக்கிறது

மைக்கை எங்க வைக்கணும்ங்கிறது வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். ட்ரம்பெட், ட்ராம்போன் ரெண்டுலயும் சத்தம் முழுக்க பெல் (வாத்தியத்தோட விரிஞ்ச முனை) வழியாத்தான் வெளிய வருது, அதனால பெல்லுக்கு நேரா ஒரு மைக் போதும், ஆனா பக்கத்துல ரொம்ப பலமா அடிக்கும், ப்ரீஆம்ப்ல (மைக் சிக்னலைப் பெருசாக்குற பெட்டி) பேட் ஸ்விட்ச் (சிக்னலைக் குறைக்கிறது) இருந்தா போட்டுடுங்க. சாக்ஸ்ல நிறைய பேர் பெல்லுக்குள்ளயே மைக்கை நுழைச்சு வைக்கிறாங்க, அங்க கீழ் சுரங்கள் மட்டும் பெருசா கேக்கும், நடு சுரங்கள் எல்லாம் பாடியில திறந்திருக்கிற துளைகள் வழியா வெளிய போயிடும். பெல் விளிம்புக்குக் கொஞ்சம் மேல, துளைகள் பக்கம் பாத்த மாதிரி வச்சா சமமா வரும். கிளாரினெட்ல இது இன்னும் முக்கியம், அதுல பெல் வழியா சரியா வர்றது அடி சுரங்கள்தான், மத்ததெல்லாம் துளைகள்லதான். புல்லாங்குழல்ல ஊதுற துளைக்குப் பக்கத்துல வச்சா காத்துச் சத்தம் மைக்ல நேரா மோதும், அதனால உதட்டுக்கு நேரா வைக்காம கொஞ்சம் மேலயோ பக்கவாட்டுலயோ வச்சு நுரை உறை போடுங்க.

ஸ்டாண்ட்ல வைக்கிற மைக்கா, வாத்தியத்துல மாட்டுற க்ளிப் மைக்கா? எஃபெக்ட்ஸுக்கு நான் க்ளிப் மைக் பக்கம்தான். காரணம் தூரம். மைக்குக்கும் வாத்தியத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும், அதாவது ஊளை வர்றதுக்கு முன்னாடி 6 டெசிபல் அதிகமா இடம் கிடைக்குது. அதை விட முக்கியம், ஸ்டாண்ட் மைக் முன்னாடி உடம்பு கொஞ்சம் அசைஞ்சாலும் லெவல் மாறும், லெவல் மாறினா லெவலை நம்பி ஓடுற டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்குறது), ஆட்டோ வா (ஊதுற பலத்துக்கு ஏத்த மாதிரி தானா நகர்ற வா) மாதிரி பெடல் எல்லாம் தடுமாறும். க்ளிப் மைக் நம்ம கூடவே நகரும். ஷ்யூர் பீட்டா 98, டிபிஏ 4099 இந்த மாதிரி மைக் எல்லாம் இதுக்காகவே க்ளிப்போட வருது. ரெண்டும் கண்டென்சர் வகைதான், 48 வோல்ட் பேண்டம் பவர் (மைக் கேபிள் வழியாவே மைக்குக்குப் போற கரண்ட்) வேணும்.

மூணாவது வழி பிக்கப். சாக்ஸ் நெக்லயோ, மௌத்பீஸ்லயோ, கிளாரினெட் பேரல்லயோ ஒரு சின்ன ஓட்டை போட்டு உள்ள இருக்கிற காத்தோட அழுத்தத்தையே பிடிக்கிறது. டிரம்ஸ் சத்தம் உள்ள நுழையாது, ஊளை ரொம்பக் குறையும், டிஸ்டார்ஷன் போடணும்னா இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா சத்தம் மூக்கடைச்ச மாதிரி இருக்கும், துளைகள் வழியா வெளிய வந்து விரியுற அழகு அதுல இருக்காது. அதனால நல்லா சம்பாதிக்கிறவங்க மைக் ஒண்ணு பிக்கப் ஒண்ணு ரெண்டும் வச்சுக்கிட்டு, மைக்கை நேரா ஸ்பீக்கருக்கும் பிக்கப்பை எஃபெக்ட்ஸுக்கும் அனுப்புவாங்க. முதல்ல அவ்வளவு தூரம் போகத் தேவையில்ல, ஒரு க்ளிப் மைக் போதும்.

படி 2: மைக்குக்கும் பெடலுக்கும் நடுவுல

இங்கதான் பெரும்பாலானவங்க மாட்டிக்கிறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். மைக்ல இருந்து வர்ற சிக்னல் ரொம்பச் சின்னது, மில்லிவோல்ட் கணக்கு. கிட்டார் பெடல் எதிர்பார்க்கிறது அதை விடப் பெரிய சிக்னல். மிக்ஸர்ல இருந்து வெளிய வர்ற லைன் லெவல் அதுக்கும் மேல. மைக்கை நேரா பெடல்ல செருகினா சிக்னல் பத்தாது, நாமளும் வால்யூமை ஏத்துவோம், பெடலோட இரைச்சலும் கூடவே ஏறும். லைன் லெவலை நேரா பெடல்ல கொடுத்தா பெடல் திணறிப் போய் கரகரன்னு உடையும். மைக்கோட வழி பேலன்ஸ்டு (வெளி இரைச்சலைத் தானே அழிச்சுக்கிற கேபிள் வகை), பெடலோட வழி அன்பேலன்ஸ்டு (அந்த வசதி இல்லாதது), அது வேற. கண்டென்சர் மைக்னா பெடல் பேண்டம் பவர் தராது, மைக் உயிரோடவே இருக்காது.

சரியான வரிசை இதுதான்: மைக், அதுக்கு அப்புறம் ப்ரீஆம்ப், அங்க சிக்னலை நல்ல லெவலுக்கு கொண்டு வந்து அதுல ஒரு பங்கைப் பெடல் லெவலுக்கு இறக்கி பெடல்களுக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பி வர்றதை வாத்தியத்தோட ஒரிஜினல் சத்தத்தோட கலந்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கணும். இதைச் செய்ய மூணு வழி இருக்கு.

ஒரு வழி, இதுக்குன்னே செஞ்ச பெட்டி. ரேடியலோட வோக்கோ லோக்கோ, ஈவன்டைடோட மிக்ஸிங்லிங்க் மாதிரி பெட்டிகள்ல மைக் ப்ரீஆம்ப், பெடல்களுக்கான போக்குவரத்து, கலக்குற நாப் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். காலால எஃபெக்டை ஆன் ஆஃப் பண்ணலாம். தலைவலியே வேண்டாம்னு நினைச்சா இதுதான்.

ரெண்டாவது வழி, ஒரு சின்ன மிக்ஸர். மைக்கை ஒரு சேனல்ல போட்டு, ஆக்ஸ் சென்ட் (சேனல்ல இருந்து ஒரு பங்கைத் தனியா வெளிய அனுப்புற வழி) வழியா பெடல்களுக்கு அனுப்பி, பெடல்ல இருந்து வர்றதை இன்னொரு காலி சேனல்ல வாங்குறது. எந்த பெடலையும் சேர்க்கலாம், ரொம்ப சுதந்திரம். ரெண்டு விஷயத்துல மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். திரும்பி வர்ற சேனல்ல அதே ஆக்ஸ் நாப் பூஜ்யத்துல இருக்கணும், இல்லன்னா எஃபெக்ட் தன்னையே தனக்கு அனுப்பிச்சு சுத்திச் சுத்தி ஏறி காதைப் பிளந்துடும். அடுத்து, பெடல்ல மிக்ஸ் நாப் இருந்தா முழுக்க எஃபெக்ட் பக்கம் வைங்க. ஒரிஜினல் சத்தம் பெடல் வழியாவும் வந்து மிக்ஸர் வழியாவும் வந்தா, டிஜிட்டல் பெடல்ல ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் தாமதம் இருக்கும்ல, அந்த ரெண்டும் மோதி சத்தம் டின்னுக்குள்ள இருந்து வர்ற மாதிரி மெலிஞ்சு போகும். ஆக்ஸ்ல இருந்து வர்றது லைன் லெவல்ங்கிறதால சென்ட் நாபை கம்மியா வச்சு ஆரம்பிங்க, இன்னும் சுத்தமா வேணும்னா நடுவுல ஒரு ரீஆம்ப் பெட்டி (லைன் லெவலைப் பெடல் லெவலுக்கு இறக்குறது) போடலாம்.

மூணாவது, பாடகர்களுக்காக செஞ்ச மல்டி எஃபெக்ட் பெட்டிகள். மைக்கை நேரா செருகலாம், பேண்டம் பவர் பெரும்பாலும் இருக்கும், ஹார்மனி, டிலே, ரிவர்ப், லூப்பர் எல்லாம் உள்ளயே. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதை விட சுலபமான வழி இல்ல, ஆனா அதுல பாட்டுக்காக தானா ஓடுற டோன் திருத்தம், ஸ்ருதி திருத்தம் இதெல்லாம் ஆன்ல இருக்கும், முதல் வேலையா அதை ஆஃப் பண்ணுங்க. மனுஷக் குரலுக்குன்னு போட்ட கணக்கு ட்ரம்பெட்டுக்குப் பொருந்தாது.

பவர் விஷயம் சுருக்கமா: டிஜிட்டல் பெடல்கள் கரண்ட் நிறைய இழுக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பிரிச்ச அவுட்புட் இருக்கிற பவர் சப்ளை வாங்குங்க, ஒரே வயர்ல எல்லாத்தையும் கோர்த்தா ம்ம்ம்னு ஹம் வரும். ஹம் போகலன்னா டிஐ பாக்ஸ்ல (பெடல் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் போடுங்க. கரண்ட் பிளக்ல எர்த் பின்னை கழட்டுறது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது, உலோக வாத்தியத்தை வாயில வச்சுக்கிட்டு நிக்கிறோம், உயிர் போற விஷயம்.

படி 3: எதுக்கு அப்புறம் எது

பொதுவான வரிசை: ஆக்டேவர், ஹார்மனைசர் மாதிரி ஸ்ருதியைக் கண்டுபிடிக்கிற பெடல்கள் முதல்ல, ஏன்னா அதுக்கு சுத்தமான சிக்னல் வேணும். அப்புறம் வா, ஃபில்டர், டிஸ்டார்ஷன். அதுக்கு அப்புறம் கோரஸ் மாதிரி அலையுற வகை. டிலே, ரிவர்ப் கடைசிக்குப் பக்கத்துல. லூப்பர் எல்லாத்துக்கும் கடைசி. இது சட்டம் இல்ல, ரிவர்புக்கு அப்புறம் டிஸ்டார்ஷன் போட்டா மொத்தமா வேற உலகம் திறக்கும், ஆனா முதல்ல இந்த வரிசையில காது பழகட்டும்.

ஒரு வால்யூம் பெடலை டிலேக்கு முன்னாடி, எஃபெக்ட் வழியில மட்டும் போடுங்க. என்னைக் கேட்டா இந்த மொத்த செட்டப்லயும் இதுதான் உயிர். பெடலை அமுக்கினா நீங்க வாசிக்கிறது டிலேக்குள்ள போகும், எடுத்துட்டா போகாது, ஆனா ஏற்கனவே உள்ள போனது எதிரொலிச்சுக்கிட்டே இருக்கும். அதாவது ஒரு சொற்றொடர்ல கடைசி சுரத்தை மட்டும் டிலேக்குள்ள தள்ளிட்டு, அது மெதுவா கரையுற நேரத்துல அடுத்த சொற்றொடரை சுத்தமா அது மேல வாசிக்கலாம். எஃபெக்டை ஆன் ஆஃப்னு யோசிக்காம எந்த சுரத்துக்கு எவ்வளவுன்னு யோசிக்க ஆரம்பிக்கிற இடம் இது.

படி 4: ஒவ்வொரு எஃபெக்டும் ஊதுற வாத்தியத்துல எப்படி நடந்துக்கும்

டிலே. முதல்ல வாங்க வேண்டியது இதுதான். நேரத்தைப் பாட்டோட வேகத்துக்கு செட் பண்ணணும்னா 60,000ஐ நிமிஷத்துக்கு எத்தனை தாளம்ங்கிற எண்ணால வகுங்க, ஒரு தாளத்துக்கு எத்தனை மில்லிசெகண்டுன்னு வரும். 120 வேகம்னா 500, அதுல முக்கால் பங்கு 375, இந்த முக்கால்ல வச்சு நேரான எட்டாம் பாக சுரங்கள் (ஒரு தாளத்துக்கு ரெண்டு) வாசிச்சா நடுநடுவுல எதிரொலி வந்து விழுந்து ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி நெய்யும். முக்கியமான சின்ன வேலை ஒண்ணு, எதிரொலியில மேல் அலைவரிசைகளைக் குறைங்க. மூச்சுச் சத்தமும் கீ சத்தமும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து ச்ச் ச்ச்னு கேட்டா சகிக்காது, டோன் நாபை இறக்கினா எதிரொலி பின்னாடி தள்ளிப் போய் நிக்கும், உங்க நேரடி குரல் முன்னாடி தெளிவா வரும்.

ரிவர்ப். ரூம்லயே எதிரொலி இருக்கும், அதுக்கு மேல நீங்களும் கொட்டினா குழம்பு. ப்ரீ டிலேன்னு ஒரு செட்டிங் இருக்கும், 30ல இருந்து 60 மில்லிசெகண்ட் வச்சுப் பாருங்க, நாக்கால தட்டுற சத்தம் தெளிவா வந்துட்டு அப்புறமா ரிவர்ப் மலரும்.

ஆக்டேவர். ஊதுற வாத்தியம் ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் வாசிக்கும்ங்கிறதால ஒத்தை சுரத்தைத் தொடர்ந்து போற பழைய அனலாக் ஆக்டேவருக்கு நம்மளை விட நல்ல கூட்டாளி கிடையாது. 1960கள்லயே செல்மர் கம்பெனி வேரிடோன்னு ஒரு சாக்ஸ் சிஸ்டம் போட்டாங்க, நெக்ல ஒரு பிக்கப், கீழ் ஆக்டேவ் சேர்க்குற வசதியோட, சாக்ஸ் கலைஞர் எடி ஹாரிஸ் அதை வச்சு பேர் வாங்கினார். நீங்க செய்ய வேண்டியது, சுரத்தோட ஆரம்பத்தை சுத்தமா நாக்கால தொடுறது. மூச்சு கலந்து மெதுவா ஆரம்பிச்சா பெடலுக்கு எந்த சுரம்னு புரியாம கடகடன்னு தாவும். இன்னொரு இயற்பியல் விஷயம், சுரத்தைக் கண்டுபிடிக்க பெடலுக்கு அந்த அலை ஒண்ணு ரெண்டு தடவையாவது முழுசா கடந்து போகணும். 100 ஹெர்ட்ஸ் சுரம்னா ஒரு அலைக்கு 10 மில்லிசெகண்ட், அதனால டெனார் சாக்ஸோட அடி சுரங்கள்ல ஆக்டேவர் கொஞ்சம் லேட்டாத்தான் வரும், அது பெடல் ரிப்பேர் இல்ல. அங்க வேகமா ஓடாம நீளமா நின்னு வாசிங்க. அதே நேரம் மேற்கத்திய புல்லாங்குழல்ல அடி சுரமே சுமார் 262 ஹெர்ட்ஸ்ங்கிறதால பெடல் ரொம்ப சட்டுனு பிடிச்சுக்கும்.

ஹார்மனைசர். ரெண்டு விதமா வரும். ராகத்தை இல்ல ஸ்கேலைச் சொன்னா அதுக்குள்ளயே துணை சுரம் போடுறது ஒண்ணு, எப்பவும் ஒரே இடைவெளியில போடுறது ஒண்ணு. நேரான சுரங்கள் வாசிக்கும்போது முதல் வகை அழகு. ஆனா நீங்க கமகம் போட்டு சுரத்தை இழுத்தா, அது அடுத்த சுரத்தோட எல்லையைத் தாண்டுற இடத்துல துணை சுரம் டக்குனு படி ஏறும், உங்க குரல் வழுக்கிப் போகும்போது அது மட்டும் துள்ளும், கேக்க நாராசமா இருக்கும். இழுத்து வாசிக்கிற இடங்களுக்கு ஒரே இடைவெளி வகையை எடுங்க, ஐந்தாம் சுரம் (பஞ்சமம்) கீழயோ மேலயோ வச்சா ரெண்டும் சேர்ந்து வழுக்கும். ட்ரம்பெட்டை ஹார்மனைசர்ல போட்டு குழுவா பாடுற குரல் மாதிரி ஆக்கினவர் ஜான் ஹசல், இந்துஸ்தானி பாடகர் பண்டிட் பிரான் நாத் கிட்ட படிச்சவர், சுரத்தை வளைக்கிறதும் எஃபெக்டும் எப்படி ஒண்ணா போகும்னு தெரிஞ்சுக்க அவர் வாசிப்பைத் தேடிக் கேளுங்க.

வா பெடல். 1970 வாக்குல மைல்ஸ் டேவிஸ் ட்ரம்பெட்ல வா போட்டு வாசிக்க ஆரம்பிச்சார், அதுக்கு அப்புறம் இது ட்ரம்பெட்டுக்கு அந்நியம்னு யாரும் சொல்ல முடியாது. வா பெடல் செய்யுறது ஒரு ஃபில்டரை மேலயும் கீழயும் நகர்த்துறதுதான், அது வடிகட்டுறதுக்கு சத்தத்துல மேல் அலைகள் நிறைய இருக்கணும். ட்ரம்பெட், சாக்ஸ்ல அது ஏராளம். புல்லாங்குழல் மேல் ஸ்தாயியில சத்தம் கிட்டத்தட்ட ஒத்தை அலையா இருக்கும், வடிகட்ட ஒண்ணும் இல்லாததால வா போட்டா வால்யூம் ஏறி இறங்குற மாதிரி மட்டும் கேக்கும். புல்லாங்குழலுக்கு வா வேணும்னா முன்னாடி லேசா டிஸ்டார்ஷன் போடுங்க, அது புதுசா மேல் அலைகளை உருவாக்கித் தரும், அப்புறம் வா பேசும்.

ரிங் மாடுலேட்டர். வாசிக்கிற சுரத்தோட அலைவரிசையும் பெடலுக்குள்ள ஓடுற அலைவரிசையும் கூட்டினா ஒண்ணு, கழிச்சா ஒண்ணு, அந்த ரெண்டு மட்டும் வெளிய வரும். 440ல வாசிக்கிறீங்க, பெடல் 100ல இருக்குன்னா 540ம் 340ம் கேக்கும், மணியோசை மாதிரி ஸ்ருதிக்கு வெளிய நிக்கும். சும்மா இஷ்டத்துக்கு வச்சா கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா பெடலை உங்க ஆதார ஸ்ருதியோட அதே அலைவரிசைக்கு ட்யூன் பண்ணி வச்சுட்டு வாசிச்சுப் பாருங்க. ஆதார சுரம் வாசிச்சா அதுக்கு மேல் ஆக்டேவ் கேக்கும், ஐந்தாம் சுரம் வாசிச்சா கீழ ஒரு ஆக்டேவ் தள்ளி ஆதார சுரம் முளைக்கும், மத்த சுரங்கள் எல்லாம் விதவிதமா கோணும். கிளாரினெட்லயும் புல்லாங்குழல்லயும் இது தெளிவா கேக்கும்.

டிஸ்டார்ஷன். ஆசை எல்லாருக்கும் இருக்கு, கஷ்டமும் இதுலதான். டிஸ்டார்ஷன்னா சின்ன சத்தத்தையும் பெருசாக்குறது, 20 டெசிபல் கெயின் ஏத்தினா ஊளைக்கு இருந்த இடத்துல 20 டெசிபல் காலி. அதனால கெயினை கிட்டார்காரங்க வைக்கிறதுல கால்வாசிக்கு வைங்க, ஒரிஜினல் சத்தத்தோட கலந்து வைங்க, முன்னாடி ஒரு நாய்ஸ் கேட் போட்டு வாசிக்காத நேரத்துல வாயடைச்சு வைங்க. கேட் ரொம்ப இறுக்கமா இருந்தா சுரத்தோட வாலை வெட்டிடும், மெதுவா மூடுற மாதிரி செட் பண்ணணும். ஊதிக்கிட்டே தொண்டையால பாடினா டிஸ்டார்ஷன்ல ரெண்டு சுரமும் மோதி உறுமும், கெயின் கம்மியா வச்சாலே காட்டுத்தனமான சத்தம் கிடைக்கும், இது ஊதுறவங்களுக்கு மட்டுமே கிடைச்ச வசதி.

லூப்பர். முதல் அடுக்கைக் குறைவா போடுங்க. கீகளை மட்டும் தட்டி ஒரு தாளம், இல்லன்னா அடி சுரம் ஒண்ணு, அவ்வளவுதான். எல்லாத்தையும் முதல் அடுக்குலயே கொட்டிட்டா மேல வாசிக்க இடம் இருக்காது. காலும் நாக்கும் ஒரே நேரத்துல விழணும், அதைத் தனியா பழகணும், பெடலை அமுக்குற கணத்துல சுரம் ஆரம்பிக்கிறது பேச்சுக்கு சுலபம், பழக்கத்துலதான் வரும். ஸ்டேஜ்ல ஒரு ஆபத்து, மானிட்டர்ல (வாசிக்கிறவங்களுக்குக் கேக்க ஸ்டேஜ்ல வைக்கிற ஸ்பீக்கர்) ஓடுற லூப் மைக் வழியா மறுபடி உள்ள வந்து அடுத்த அடுக்குல பதிவாகும், நாலு அடுக்கு தாண்டினா சேறு மாதிரி ஆயிடும். மானிட்டரைக் கம்மியா வைங்க, வாசிக்காதப்ப ஓவர்டப்பை (மேல அடுக்கிப் பதியுறது) நிறுத்துங்க. பழைய அடுக்குகள் மெதுவா தேயுற செட்டிங் இருக்கிற லூப்பர்னா அதைப் பயன்படுத்துங்க, இசை தானா நகர்ந்துக்கிட்டே இருக்கும்.

படி 5: ஊளை

ஸ்பீக்கர்ல வர்றது மைக்குக்குள்ள போய் மறுபடி ஸ்பீக்கர்ல வர்றதுதான் ஊளை. மெயின் ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னாடி, ஆடியன்ஸ் பக்கம் இருக்கணும். மைக்கோட காது கேக்காத திசை எதுன்னு பாருங்க, கார்டியாய்டு மைக்னா நேர் பின்னாடி, சூப்பர் கார்டியாய்டுனா பின்பக்கம் கொஞ்சம் சாய்வா ரெண்டு பக்கமும், மானிட்டரை அந்தத் திசையில வைங்க. ஆனா க்ளிப் மைக் வாத்தியத்தோட சேர்ந்து திரும்பும், நீங்க குனிஞ்சா மைக் மானிட்டரைப் பாக்கும், அதனால சவுண்ட் செக்ல சிலை மாதிரி நிக்காம நிஜமா வாசிக்கும்போது எப்படி அசைவீங்களோ அப்படி அசைஞ்சு பாருங்க.

வாசிக்காத நேரத்துல வாத்தியமே ஒரு குழாய். பெல்லுக்குப் பக்கத்துல திறந்த மைக் இருந்தா அந்தக் குழாயோட அலைவரிசையில தானா ஊளை கிளம்பும், நீங்க பிடிச்சிருக்கிற விரல் மாறினா ஊளையோட ஸ்ருதியும் மாறும். கால் எட்டுற இடத்துல ஒரு ம்யூட் ஸ்விட்ச் கட்டாயம் வேணும்னு சொல்றது இதனாலதான்.

ஈக்யூல (அலைவரிசை வாரியா சத்தத்தை ஏத்தி இறக்குறது) முதல்ல கீழ்ப்பக்கம் வெட்டுங்க. ஆல்டோ சாக்ஸோட அடி சுரம் சுமார் 139 ஹெர்ட்ஸ், ட்ரம்பெட்டோடது சுமார் 165, அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் ஸ்டேஜ் அதிர்வும் டிரம்ஸும்தான், நமக்கு வேண்டாம். அப்புறம் எஃபெக்ட் எல்லாம் ஆன்ல வச்சுட்டு வால்யூமை மெதுவா ஏத்துங்க, எந்த அலைவரிசையில ஊளை கிளம்புதோ அதை மட்டும் ஒடுக்கமா 3ல இருந்து 6 டெசிபல் இறக்குங்க. ரெண்டு மூணு இடத்தோட நிறுத்திடுங்க, அதுக்கு மேல வெட்டினா வாத்தியத்தோட குணமே போயிடும், அப்ப பிரச்சனை மைக் வச்ச இடத்துலயோ ஸ்பீக்கர் வச்ச இடத்துலயோதான் இருக்கு.

படி 6: கம்ப்யூட்டர் வச்சு பண்றவங்களுக்கு

ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) ஒண்ணு, லேப்டாப் ஒண்ணு இருந்தா மேல சொன்ன எல்லாமே சாஃப்ட்வேர்லயே முடியும். தாமதம்தான் கேள்வி. 48,000 சாம்பிள் வேகத்துல (நொடிக்கு அத்தனை தடவை சத்தத்தை அளக்குறது) பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுக்குற சாம்பிள் எண்ணிக்கை) 128னா ஒரு பஃபருக்கு சுமார் 2.7 மில்லிசெகண்ட், உள்ள போய் வெளிய வர ரெண்டு பஃபர், கன்வர்ட்டர் நேரமும் சேரும். பயப்பட வேண்டாம், காத்துல சத்தம் ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகுது. டிலேயும் ரிவர்பும் பத்து மில்லிசெகண்ட் லேட்டா வந்தா யாருக்கும் தெரியாது. வாத்தியத்தோட ஒரிஜினல் சத்தத்தை மட்டும் கம்ப்யூட்டர் வழியா விடாம இன்டர்ஃபேஸ்ல நேரா ஸ்பீக்கருக்கு அனுப்பிடுங்க, கம்ப்யூட்டர்ல இருந்து எஃபெக்ட் மட்டும் வரட்டும்.

கம்ப்யூட்டர் எஃபெக்ட்ஸோட வரலாறுல ஊதுற வாத்தியத்துக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. பாரிஸ்ல இருக்கிற இர்காம் ஆராய்ச்சி நிலையத்துல 1987ல ஃபிலிப் மனூரி புல்லாங்குழலுக்கும் லைவ் எலெக்ட்ரானிக்ஸுக்கும் ஒரு படைப்பு எழுதினார், வாசிக்கிறவரோட சுரத்தைக் கம்ப்யூட்டர் தொடர்ந்து கேட்டு அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கும். அதுல கூட வேலை செஞ்ச மில்லர் பக்கெட்தான் மேக்ஸ்ங்கிற சாஃப்ட்வேரை உருவாக்கினவர், அப்புறம் ப்யூர் டேட்டாவையும் அவரே இலவசமா கொடுத்தார். கையில காசு இல்லாம ஆரம்பிக்கணும்னா ப்யூர் டேட்டாவை இறக்கி ஒரு சாதாரண டிலே கட்டிப் பாருங்க, எஃபெக்டோட உள்ள என்ன நடக்குதுன்னு அது மாதிரி வேற எதுவும் சொல்லிக் கொடுக்காது.

படி 7: காலும் மூச்சும்

கிட்டார்காரர் நடுவுல ஒரு கையை எடுத்து நாபைத் திருப்பலாம். நமக்கு ரெண்டு கையும் வாயும் பிஸி, மிச்சம் இருக்கிறது காலு மட்டும்தான். ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு எக்ஸ்பிரஷன் பெடலை (காலால ஒரு செட்டிங்கை ஏத்தி இறக்குற பெடல்) ஆட்டினா இடுப்பு சாயும், வயிறு இறுகும், மூச்சோட ஆதாரம் ஆடும், நீளமான சுரத்துல அது நடுக்கமா கேக்கும். வழி என்னன்னா உயரமான ஸ்டூல்ல உக்காந்து வாசிக்கிறது, இல்லன்னா குதிகாலைத் தரையில ஊன்றி முன்பாதத்தை மட்டும் அசைக்கிற மாதிரி பெடலைப் பக்கத்துல இழுத்து வைக்கிறது. ஷூ போட்டுக்கிட்டே பழகுங்க, வெறுங்கால்ல பழகினது ஸ்டேஜ்ல கை கொடுக்காது.

ஃபுட்ஸ்விட்சை மூச்சு எடுக்கிற இடத்துல மாத்துங்க. மூச்சு எப்படியும் ஒரு இடைவெளி, அங்க எஃபெக்ட் மாறினா காதுக்கு இயல்பா இருக்கும். பாட்டோட தாள்ல மூச்சுக் குறி போடுற இடத்துலயே பெடல் குறியும் போட்டு வச்சுக்கலாம். அப்புறம் தண்ணி. ட்ரம்பெட் வாட்டர் கீயும் சாக்ஸ் பெல்லும் சொட்டிக்கிட்டே இருக்கும், பெடல்போர்டை நேர் கீழ வைக்காதீங்க, ஒரு அடி தள்ளி வைங்க, காலடியில ஒரு துணி விரிங்க.

படி 8: நிகழ்ச்சி அன்னிக்கு

சவுண்ட் இன்ஜினியருக்கு ரெண்டு லைன் கொடுங்க, ஒண்ணு சுத்தமான வாத்தியம், ஒண்ணு எஃபெக்ட் மட்டும். கலந்து ஒரே லைனா கொடுத்தா ஹால்ல எஃபெக்ட் தூக்கலா இருக்கா குறைவா இருக்கான்னு உங்களுக்கு ஸ்டேஜ்ல தெரியாது, அவராலயும் திருத்த முடியாது. ரெண்டா கொடுத்தா முன்னாடி இருந்து கேக்குற அவர் காதுக்குக் கலவையை விட்டுடலாம். டிலே, லூப் எல்லாம் நீங்க வேணும்னு பண்றது, அதை ஊளைன்னு நினைச்சு ஃபேடரை இறக்கிடாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, இது அடிக்கடி நடக்கிறது.

செக்ல முதல்ல எஃபெக்ட் இல்லாம வாத்தியம், அதுக்கு அப்புறம் நீங்க வச்சிருக்கிறதுலயே ரொம்ப சத்தமான எஃபெக்ட், டிஸ்டார்ஷன் இருந்தா அதான், அங்க ஊளை வரலன்னா மத்தது எதுலயும் வராது. நீளமான சுரம், வேகமான நாக்கு, ரொம்ப மெதுவா ஊதுறது மூணையும் வாசிச்சுக் காட்டுங்க. ஆள் நிறைஞ்சதும் ரூமோட எதிரொலி குறையும், காலி ஹால்ல அதிகமா கேட்ட ரிவர்ப் அப்ப பத்தாம போகலாம், அதுக்குக் கொஞ்சம் ஏத்துற இடம் விட்டு வைங்க. ஏறுறதுக்கு முன்னாடி மைக் ம்யூட்ல இருக்கா, எக்ஸ்பிரஷன் பெடல் குறைச்ச நிலையில இருக்கா, செக் பண்ணும்போது பதிவான லூப்பை அழிச்சாச்சா, மூணையும் ஒரு தடவை பாத்துட்டு ஏறுங்க.